புதுப்பிக்கப்படும் கால்பந்து அரங்கங்கள்: ரசிகர்களின் குறைகளுக்குப் பின்னுள்ள கணக்கு

ஒரு பெரிய கால்பந்துக் கழகம் தன் அரங்கத்தை இடித்துக் கட்டப்போவதாகவோ விரிவாக்கப்போவதாகவோ அறிவிக்கும்போதெல்லாம் இரண்டு செய்திகள் சேர்ந்தே வருகின்றன. இருக்கை எண்ணிக்கையும் செலவுத் தொகையும் கணினியில் வரைந்த பளபளப்பான படங்களும் முதல் செய்தி. அதே கழகத்தின் ரசிகர்கள் எழுப்பும் கேள்விகளும் எதிர்ப்பும் இரண்டாவது. 1910 முதல் தான் ஆடிவரும் ஓல்ட் டிராஃபோர்டுக்கு அருகிலேயே 1 லட்சம் பேர் அமரக்கூடிய புதிய அரங்கத்தைக் கட்டும் திட்டத்தை 2025 மார்ச்சில் மான்செஸ்டர் யுனைடெட் வெளியிட்டபோது இதுதான் நடந்தது. இத்தாலியின் மிலான் நகரிலுள்ள சான் சீரோ அரங்கத்தை இடிப்பது குறித்து ஆண்டுக்கணக்கில் நீண்ட விவாதத்திலும் இதுவே நடந்தது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது புதிராகத் தோன்றும். ஒழுகாத கூரை, அகலமான இருக்கை, போதுமான கழிப்பறைகள் எல்லாம் கிடைக்கும்போது இவர்கள் ஏன் தயங்குகிறார்கள்? பழைய நினைவுகள்மீது உள்ள பற்றுதான் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் ரசிகர்கள் சொல்லும் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை கட்டட வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஏதேனும் ஒரு முடிவில் போய் நிற்கின்றன. அந்த முடிவுகள் எடுக்கப்படுவது மிகவும் தொடக்கத்தில். ரசிகர்களிடம் கருத்துக் கேட்கப்படுவதோ பெரும்பாலும் அதற்குப் பிறகு. பூசலுக்கான வேர் இந்தக் கால இடைவெளியில்தான் இருக்கிறது.

அடிப்படைச் சொற்கள்

1. வெட்டுமுக வரைபடம்: பார்வையாளர் பகுதியைக் கத்தியால் வெட்டியதுபோல் பக்கவாட்டில் காட்டும் வரைபடம் இது. முதல் வரிசை ஆடுகளத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது, படிகள் எவ்வளவு செங்குத்தாக ஏறுகின்றன, எத்தனை அடுக்குகள், கூரை எவ்வளவு தாழ்வாக இறங்குகிறது என்பவை எல்லாம் இதில் தீர்மானமாகின்றன. கட்டிய பிறகு ஏறத்தாழ மாற்றவே முடியாத பகுதி இதுதான்.

2. சி-மதிப்பு: பின்வரிசையில் இருப்பவரின் கண்ணிலிருந்து ஆடுகளத்தின் விளிம்புக்கு ஒரு நேர்க்கோடு வரைந்தால், அது முன்வரிசையில் இருப்பவரின் கண்மட்டத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் மேலாகச் செல்கிறது என்பதைக் குறிக்கும் அளவு. 90 மி.மீ. பொதுவாக நல்ல பார்வைக்குப் போதுமானது; 120 மி.மீ. இருந்தால் சிறப்பு, பழைய அரங்கங்களில் 60 மி.மீ. அளவுக்கு இறங்கினால் முன்னால் இருப்பவரின் தலைகளுக்கு இடையே எட்டிப் பார்க்க வேண்டிவரும்.

3. சரிவு: படிகள் கிடைமட்டத்தோடு உண்டாக்கும் கோணம். பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டி இதற்கு 34 பாகையை மேல்வரம்பாகக் கொள்கிறது. அதற்கு மேல் போனால் கால் தவறி விழும் ஆபத்தும் உயர அச்சமும் கூடும்.

4. அடுக்கு: இடைவெளியின்றித் தொடரும் ஒரு படித்தொகுதி. ஒரே அடுக்காக ஏறும் பார்வையாளர் பகுதியும், இரண்டு மூன்று அடுக்குகளாகப் பிரிக்கப்பட்ட பகுதியும் ரசிகருக்கு முற்றிலும் வேறுபட்ட அனுபவங்களைத் தருகின்றன.

இந்த நான்கும் ஒன்றையொன்று இழுப்பவை. ஓர் எடுத்துக்காட்டு: 30 வரிசைகள் கொண்ட பகுதியில் சி-மதிப்பை 60-இலிருந்து 90 மி.மீ.க்கு உயர்த்த வேண்டும் என்றால் ஒவ்வொரு படியும் 30 மி.மீ.க்கு மேல் உயர்ந்தாக வேண்டும். கடைசி வரிசைக்கு வரும்போது அந்த உயர்வு ஒரு மீட்டரைத் தாண்டிவிடும். அதனால் கூரை உயர்கிறது, எஃகு கூடுகிறது, சுற்றியுள்ள வீடுகளுக்கு வெயில் மறைகிறது, செலவு ஏறுகிறது. "இன்னும் கொஞ்சம் நன்றாகத் தெரியவேண்டும்" என்ற எளிய கோரிக்கைக்குப் பின்னால் இவ்வளவும் தொங்குகின்றன.

"களம் எங்கோ இருக்கிறது"

ரசிகர்கள் மிக அதிகமாகச் சொல்லும் குறை தொலைவு. பந்தின் விட்டம் 22 செ.மீ. மட்டுமே. அதனால் எந்த இருக்கையும் ஆடுகளத்தின் மிகத் தொலைவான மூலையிலிருந்து 190 மீட்டருக்கு அப்பால் இருக்கக்கூடாது என்றும், 150 மீட்டருக்குள் இருந்தால் நல்லது என்றும் வடிவமைப்பாளர்கள் கொள்கிறார்கள்.

இந்தத் தொலைவைக் கெடுப்பதில் முதலிடம் தடகள ஓட்டப்பாதைக்கு. 400 மீட்டர் ஓட்டப்பாதையின் அளவுகளையும் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட கால்பந்துக் களத்தின் அளவுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். எட்டுத் தடங்கள் கொண்ட பாதையின் வெளிவிளிம்பு, பக்கவாட்டில் களத்திலிருந்து சுமார் 12 மீட்டர் தள்ளி நிற்கிறது. கோல்கம்பங்களுக்குப் பின்னாலோ சுமார் 36 மீட்டர் தள்ளிப் போய்விடுகிறது. பாட்டும் முழக்கமுமாக ஆட்டத்தை நடத்தும் ரசிகர் கூட்டங்கள் வழக்கமாகக் கூடுவது கோல்கம்பத்துக்குப் பின்னால்தான். அதாவது, அரங்கத்துக்கு உயிர் கொடுப்பவர்களே களத்திலிருந்து மிக அதிகமாக விலக்கப்படுகிறார்கள்.

இத்தாலியின் தூரின் நகரத்தின் அனுபவம் இதற்கு நல்ல பாடம். 1990 உலகக் கோப்பைக்காக ஓட்டப்பாதையுடன் கட்டப்பட்ட டெல்லே ஆல்பி அரங்கில் ஏறத்தாழ 69,000 பேர் அமரலாம். ஆனால் யுவெண்டஸ் ஆட்டங்களில் அதன் பெரும்பகுதி காலியாகக் கிடந்தது. கழகம் அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 2011-இல் சுமார் 41,000 பேருக்கான, ஓட்டப்பாதையில்லாத அரங்கத்தைத் திறந்தது. ஒரு பெருங்கழகம் தன் இருக்கைகளில் ஐந்தில் இரண்டு பங்கைத் தானே விட்டுக்கொடுத்து நெருக்கத்தை வாங்கிக்கொண்டது என்பது, ரசிகர்கள் சொன்ன குறை எவ்வளவு மெய்யானது என்பதைக் காட்டுகிறது.

லண்டனில் கதை வேறு. 2012 ஒலிம்பிக்குக்காகக் கட்டப்பட்ட அரங்கத்துக்கு 2016-இல் வெஸ்ட் ஹாம் குடிபெயர்ந்தபோது, ஓட்டப்பாதையை அப்படியே வைத்துக்கொண்டு, அதன்மேல் நகரக்கூடிய இருக்கைகளை விரிக்கும் வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. கீழடுக்கு களத்தை நோக்கி நகர்ந்தது; மேலடுக்கு இருந்த இடத்திலேயே நின்றது; இரண்டுக்கும் நடுவே பெரிய வெற்றிடம் விழுந்தது. 2018 மார்ச்சில் ஓர் ஆட்டத்தின்போது ரசிகர்கள் களத்துக்குள் இறங்கி உரிமையாளர்களுக்கு எதிராகப் போராடியதற்கு அணியின் தோல்விகளும் காரணம் என்றாலும், அரங்கம் குறித்த மனக்கசப்பு அதில் பெரும் பங்கு வகித்தது. முதலில் தடகளத்துக்கென வரையப்பட்ட வெட்டுமுகத்தைப் பின்னால் எத்தனை செலவு செய்தும் கால்பந்துக்கு ஏற்றதாக முழுமையாக மாற்ற முடியவில்லை.

ஒலி எங்கே போகிறது

"புதிய அரங்கம் நூலகம்போல் அமைதியாக இருக்கிறது" என்ற புகார் ஏறத்தாழ எல்லா இடமாற்றத்துக்குப் பிறகும் எழுகிறது. 2006-இல் ஆர்சனல் 38,000 பேர் அமர்ந்த ஹைபரியை விட்டு 60,000 பேருக்கான எமிரேட்ஸுக்கு மாறியபோதும் எழுந்தது. இதற்கு இயற்பியல் காரணங்கள் உண்டு.

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். ஒரு கோல்பக்கத்தில் தொடங்கும் பாட்டு 120 மீட்டருக்கு அப்பாலுள்ள எதிர்ப்பக்கத்தை எட்ட மூன்றில் ஒரு நொடிக்கு மேல் ஆகிறது. கைதட்டலோடு கூடிய பாட்டுக்கு இந்தத் தாமதமே தாளத்தைக் குலைக்கப் போதும். அரங்கம் அகல அகல குலைவு மிகும். அடுத்து, கூரை. தாழ்வாக இறங்கும் உலோகக் கூரை குரல்களைக் களத்தை நோக்கித் திருப்பி அனுப்பும். உயரமாகத் தூக்கிய மெல்லிய துணிக்கூரை ஒலியில் கணிசமான பகுதியை வெளியே விட்டுவிடும். மூன்றாவதாக, அடுக்குப் பிரிவு. நடுவில் கண்ணாடி அறைகளின் வரிசை ஓடினால் கீழிருப்பவரின் குரல் மேலிருப்பவரைச் சேராது. ஒரு பாட்டு பற்றிப் படர மனிதத் தொடர்ச்சி தேவை.

ஜெர்மனியின் டார்ட்மண்ட் அரங்கில் தென்பக்கம் ஏறத்தாழ 25,000 பேர் நிற்கும் பெருஞ்சரிவாக இருப்பதும், 2019-இல் திறக்கப்பட்ட டாட்டன்ஹாம் அரங்கில் அதை முன்மாதிரியாகக் கொண்டு 17,500 பேருக்கு ஒரே அடுக்கான தென்பகுதி கட்டப்பட்டதும் இந்தக் காரணத்தால்தான். டாட்டன்ஹாமின் அந்தப் பகுதி அனுமதிக்கப்பட்ட உச்சமான 34 பாகைச் சரிவில் ஏறுகிறது. ரசிகர்கள் வாய்மொழியாகச் சொன்ன விருப்பம் வெட்டுமுக வரைபடத்தில் நேரடியாக இடம்பெற்ற அரிய எடுத்துக்காட்டாக இதைக் கருதலாம்.

கூரையை இன்னும் தாழ்த்தி இன்னும் நீட்டினால் என்ன என்ற கேள்விக்குப் புல் பதில் சொல்கிறது. 1990 உலகக் கோப்பைக்காக சான் சீரோவுக்கு மூன்றாம் அடுக்கும் கூரையும் சேர்க்கப்பட்ட பிறகு, வெயிலும் காற்றும் போதாமல் அங்கே புல்தரை பல ஆண்டுகள் சீர்கெட்டுக் கிடந்தது.

நிற்பதா, உட்காருவதா

இங்கே சற்று நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் ரசிகர் கருத்துகளில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான்.

1985-இல் பிராட்ஃபோர்டு அரங்கின் மரத்தாலான பார்வையாளர் பகுதியில் தீப்பற்றி 56 பேர் மாண்டனர். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ அரங்கில், கம்பிவேலியால் அடைக்கப்பட்ட நின்று பார்க்கும் பகுதியில் ஏற்பட்ட நெரிசல் 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிரைப் பறித்தது. அந்த நெரிசலுக்குக் காவல்துறையின் கட்டுப்பாட்டுத் தோல்வியே முதன்மைக் காரணம் என்று டெய்லர் நீதிபதியின் விசாரணை கண்டது. 2016-இல் முடிந்த மரண விசாரணையும் ரசிகர்கள்மீது தவறில்லை என்று உறுதிசெய்தது. ஆயினும் 1990 ஜனவரியில் வந்த டெய்லர் அறிக்கையின் பரிந்துரைப்படி இங்கிலாந்தின் மேல்நிலைப் பிரிவுகளில் அனைவருக்கும் இருக்கை கட்டாயமானது.

இருக்கை கட்டாயமானாலும் உணர்ச்சி மிக்க பகுதிகளில் ரசிகர்கள் நிற்பதை விடவில்லை. உட்காருவதற்காக அமைத்த இடத்தில், முழங்கால் உயரமே உள்ள முன்னிருக்கையின் முதுகுப்புறத்தைத் தவிர வேறு தடுப்பில்லாமல் நிற்பது, தடுப்புள்ள இடத்தில் நிற்பதைவிட ஆபத்தானது. ரசிகர் அமைப்புகள் பல ஆண்டுகளாக எடுத்துச் சொன்ன வாதம் இது. ஒவ்வொரு வரிசைக்கும் இடுப்பு உயரக் கைப்பிடிக் கம்பியும், மடக்கிப் பூட்டக்கூடிய இருக்கையும் கொண்ட அமைப்பு இதற்குத் தீர்வாக முன்வைக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் செல்டிக் கழகம் 2016-இல் இதை நிறுவியது. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 2022 ஜனவரியில் ஐந்து கழகங்களில் சோதனை தொடங்கி, அடுத்த பருவத்திலிருந்து நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதி விரிவடைந்தது. ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பும் 2022-இல் தன் போட்டிகளில் சில நாடுகளில் இதைச் சோதிக்கத் தொடங்கியது.

இதன் விளைவுகளில் இரண்டைக் கவனிக்க வேண்டும்.

1. இங்கிலாந்தில் ஓர் இருக்கை இடத்தில் ஒருவர் மட்டுமே நிற்கலாம். ஆகவே நிற்கும் பகுதியால் அரங்கின் கொள்ளளவு கூடுவதில்லை. கூடுதல் கூட்டத்தால் டிக்கெட் விலை குறையும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. டார்ட்மண்டில் நிலைமை வேறு: அங்கே உள்நாட்டு ஆட்டங்களில் 81,000 பேர் திரளுகிறார்கள், தென்பக்கம் முழுவதும் இருக்கைகள் பொருத்தவேண்டியிருந்த ஐரோப்பிய ஆட்டங்களில் அந்த எண்ணிக்கை சுமார் 66,000 ஆகச் சுருங்கியது.

2. முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றால் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு ஆட்டம் முழுவதுமே மறைந்துபோகும். நிற்கும் உரிமை கேட்பவரும் ரசிகர், மறைக்கப்படுபவரும் ரசிகர். சக்கர நாற்காலி மேடையை நிற்பவரின் தலைக்கு மேல் பார்வை செல்லும் அளவுக்கு உயர்த்தினால் இருவருக்கும் இடமுண்டு. ஆனால் அந்த உயரத்தை வெட்டுமுக வரைபடத்திலேயே சேர்த்தாக வேண்டும். பிறகு சேர்க்க முனைந்தால் முழு வரிசைகளையே அகற்ற நேரும்.

பணம் எந்த வரிசையில் உட்காருகிறது

புதுப்பிப்புக்கான கடனை அடைக்கக் கழகங்கள் பெரிதும் நம்புவது விருந்தோம்பலுடன் கூடிய உயர்விலை இருக்கைகளை. இவை அமைவது பக்கவாட்டின் நடுப்பகுதியில், களம் மிகத் தெளிவாகத் தெரியும் உயரத்தில். அந்த வளையத்துக்கு இடம் விட, சாதாரண ரசிகரின் மேலடுக்கு இன்னும் மேலே, இன்னும் பின்னால் தள்ளப்படுகிறது. 2007-இல் திறக்கப்பட்ட 90,000 இருக்கைகள் கொண்ட லண்டனின் புதிய வெம்ப்ளி அரங்கில் நடுவளையம் முழுவதும் சுமார் 17,000 உயர்விலை இருக்கைகள். இடைவேளை விருந்து முடியாமல் அவை இரண்டாம் பாதித் தொடக்கத்தில் காலியாகத் தெரிவது தொலைக்காட்சி பார்ப்போர் அனைவருக்கும் பழகிப்போன காட்சி.

டெய்லர் அறிக்கையே இந்த ஆபத்தை முன்கூட்டிக் கண்டிருந்தது. நின்று பார்த்தவர்களின் கைக்கு எட்டும் விலையில் இருக்கைகள் இருக்கவேண்டும் என்று அது கூறி, கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் அரங்கில் இருக்கைக்கு 6 பவுண்டும் நிற்பதற்கு 4 பவுண்டும் வாங்கப்பட்டதை எடுத்துக்காட்டியது. பிந்தைய ஆண்டுகளில் அறிக்கையின் கட்டட விதிகள் கடைப்பிடிக்கப்பட்டன. விலை பற்றிய அறிவுரை மறக்கப்பட்டது. 2016 பிப்ரவரியில், லிவர்பூல் கழகத்தின் ஆன்ஃபீல்டு அரங்கில் விரிவாக்கம் நடந்துகொண்டிருந்த முதன்மைப் பகுதியில் 77 பவுண்டு டிக்கெட் வரப்போவதாக அறிவிப்பு வந்ததும், லிவர்பூல் ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் ஆட்டத்தின் 77-ஆம் நிமிடத்தில் எழுந்து வெளியேறினர். சில நாட்களில் உரிமையாளர்கள் திட்டத்தைக் கைவிட்டனர். விலையை ஒரு வாரத்தில் திருத்த முடிந்தது. அதே எதிர்ப்பு இருக்கைகளின் அமைப்பு குறித்ததாக இருந்திருந்தால், எழுந்து நின்றுவிட்ட எஃகுச் சட்டத்தை எந்த வெளிநடப்பாலும் திருத்தியிருக்க முடியாது.

இவை எல்லாவற்றையும்விடக் கூர்மையான எடுத்துக்காட்டு ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா. 1950 உலகக் கோப்பையின் கடைசி ஆட்டத்தில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் திரண்ட அந்த அரங்கில், களத்தைச் சுற்றித் தாழ்வாக அமைந்த 'ஜெரால்' என்ற பகுதியில் மிகக் குறைந்த விலையில் நின்று பார்க்கலாம். பார்வைக் கோணப்படி அரங்கிலேயே மோசமான இடம் அதுதான். ஆனாலும் 2005-இல் அது மூடப்பட்டபோதும், 2014 உலகக் கோப்பைக்கான மறுகட்டுமானத்தில் அரங்கம் சுமார் 78,000 இருக்கைகளாகச் சுருங்கியபோதும் ரசிகர்கள் எதை இழந்தோம் என்று வருந்தினார்களோ, அதில் ஜெரால் முன்னிலையில் இருந்தது. ஏழை ரசிகருக்கு அரங்கத்துக்குள் இருந்த இடம் அது. சி-மதிப்பு எந்த வரைபடத்திலும் இதைக் காட்டாது. ஆகவேதான் அளவுகோல்கள் மட்டும் போதா, ரசிகரையும் கேட்க வேண்டும்.

புதுப்பிப்பதா, புதிதாகக் கட்டுவதா

புதுப்பித்தால் இடமும் நினைவும் மிஞ்சும். பழைய அடித்தளத்தின் குறைகளும் கூடவே மிஞ்சும். ஆன்ஃபீல்டில் பழைய பகுதியை இயங்கவிட்டபடியே அதன் பின்புறம் புதிய எஃகுச் சட்டத்தை எழுப்பி, கோடை விடுமுறையில் இரண்டையும் இணைத்தார்கள். கழகம் தன் வீட்டை விட்டு ஒரு பருவம்கூட வெளியேறவில்லை. இந்த முறைக்கு அரங்கின் பின்னால் காலி நிலம் வேண்டும்; அங்கே அந்த நிலம் ஒரு காலத்தில் குடியிருப்பாக இருந்தது என்பதையும் சொல்லாமல் விடமுடியாது.

தன் அரங்கமான காம்ப் நோவில் வேலை மிகப் பெரியது என்பதால் பார்சிலோனா 2023 முதல் 2025 நவம்பர் வரை மொன்ஜுயிக் குன்றிலுள்ள, ஓட்டப்பாதையுடன் கூடிய, பாதி கொள்ளளவே உள்ள ஒலிம்பிக் அரங்கில் ஆடியது. இப்படித் தற்காலிகமாக இடம்பெயரும் காலத்தில் அறுந்துபோகும் பழக்கம் எல்லோரிடத்திலும் மீண்டும் ஒட்டுவதில்லை. எவர்ட்டன் 1892 முதல் ஆடிய குடிசன் பார்க்கை விட்டு 2025-இல் துறைமுகக் கரைக்கு மாறியபோது, பழைய அரங்கத்தை இடிக்காமல் மகளிர் அணிக்கு ஒப்படைத்தது, இதுவரை கண்ட பிரிவுகளில் மிகக் கண்ணியமானது என்று தோன்றுகிறது.

எப்போது, யாரிடம், எதைக் கேட்பது

கழகங்கள் நடத்தும் கருத்துக் கேட்புகளில் இருக்கையின் நிறம், சுவரோவியம், சிலை வைக்கும் இடம் போன்றவை தாராளமாக விவாதிக்கப்படுகின்றன. இவை எப்போது வேண்டுமானாலும் மாற்றக்கூடியவை. மாற்ற முடியாத வெட்டுமுகம் குறித்து ரசிகர் வாய் திறப்பதற்குள் அது உறுதியாகிவிடுகிறது. கேட்கப்படுபவர்களும் பெரும்பாலும் சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள். விலை தாங்காமல் முன்பே விலகியவரும், படியேற முடியாமல் வராமல் நின்றவரும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

மாற்று வழி உண்டு என்பதற்கு ஜெர்மனியின் யூனியன் பெர்லின் கழகம் சான்று. 2008-09-இல் 2,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் சுமார் 1,40,000 மணிநேரம் தங்கள் உழைப்பைக் கொடுத்துத் தங்கள் அரங்கத்தைப் புதுப்பித்தார்கள். ஏறத்தாழ 22,000 பேர் கொள்ளும் அந்த அரங்கில் பெரும்பான்மையோர் நின்றே பார்க்கிறார்கள். எல்லாக் கழகங்களும் இப்படிச் செய்ய இயலாது. ஆனால் பயன்படுத்துபவரே கட்டும்போது எது முதலில் வரும் என்பதை அது தெளிவாகக் காட்டியது.

சட்டமும் மெல்ல நகர்கிறது. இங்கிலாந்தில் 2025-இல் நிறைவேறிய கால்பந்து ஆளுகைச் சட்டத்தின்படி, ஒரு கழகம் தன் அரங்கத்தை விற்கவோ வேறிடத்துக்குப் பெயரவோ புதிய ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலைப் பெறவேண்டும். இருக்கும் இடத்திலேயே எழும் புதிய அடுக்கின் வடிவத்துக்குள் அந்த அமைப்பு நுழைவதில்லை. ஆகவே ஒரு திட்டம் வெளியானதும் ரசிகர் அமைப்புகள் கணினிப் படங்களைக் கடந்து எழுத்தில் கேட்டுப் பெறவேண்டியவை இவை:

1. ஒவ்வொரு பகுதியின் வெட்டுமுக வரைபடமும், முதல் வரிசைக்கும் களத்துக்கும் இடையிலான தொலைவும், மிகக் குறைந்த சி-மதிப்பு எந்த இருக்கையில் என்பதும்.
2. கோல்கம்பத்துக்குப் பின்னுள்ள பகுதி ஒரே அடுக்கா, அங்கே கைப்பிடியுடன் நிற்கும் இடத்துக்கு ஏற்றபடி கட்டமைப்பு தொடக்கத்திலேயே கணக்கிடப்பட்டிருக்கிறதா என்பது.
3. முன்வரிசையினர் எழுந்து நிற்கும் நிலையில் சக்கர நாற்காலி மேடையிலிருந்து பார்வைக்கோடு எப்படிச் செல்கிறது என்பது.
4. உயர்விலை இருக்கைகள் எத்தனை விழுக்காடு, அவற்றால் மேலடுக்கு எத்தனை மீட்டர் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பது.
5. வரைபடம் இறுதியாகும் தேதி. அதன் பிறகு வரும் கருத்துகளால் எதையெல்லாம் மாற்ற இயலும் என்ற பட்டியல்.